பிராண வாயுவே பகையானால்?

பிராண வாயு என்று பெயர் வைத்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சோறில்லாமல் மனிதன் சில வாரங்கள் உயிரோடு இருந்துவிடலாம். தண்ணீரில்லாமல் சில தினங்கள் தாக்குப் பிடிக்கலாம். அந்த வாயு இல்லாமல் சில நிமிஷங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே, அது நம் உயிருக்கு உற்ற நண்பன் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. ஆனால் அதே வாயு நமது ஹிருதயத்துக்குப் பகையாகவும் ஆகக்கூடும் என்று நாம் சொன்னால், நேயர்கள் கொஞ்சம் புருவத்தை நெரிப்பார்கள். வாஸ்தவம் என்னவோ அதுதான்.

இந்தச் சந்தேகம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 1774-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஜோஸப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் ஒரு பெரிய பூதக் கண்ணாடியால் சூரிய வெப்பத்தைக் குவித்துப் பாதரஸச் செந்தூளைச் சுட்டு, அதிலிருந்து இந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். அதில் வைத்த மெழுகுவர்த்தி பளீரென்று எரிந்தது. அதில் விட்ட சுண்டெலி சாதாரணக் காற்றில் இருப்பதைவிட அதிக நேரம் பிழைத்தது. பாதிரியார் தாமும் சுவாசித்துப் பார்த்தார். மார்பு லேசாக இருந்தது. பரம சந்தோஷம்தான். ஆனாலும் மறு வருஷம் வெளியிட்ட புஸ்தகத்தில் அவர் ஒரு கவலையையும் எழுதி வைத்தார். இந்த வாயுவில் மெழுகுவர்த்தி சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுகிறதே, அப்படியே மனிதனும் சீக்கிரம் வாழ்ந்து தீர்ந்துவிட மாட்டானா என்பது அந்தக் கவலை. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு விஞ்ஞானிகள் அந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு ஹிருதயத்தின் தசைக்குள்ளேயே நுழைந்து பார்த்துவிட்டார்கள்.

இது வெறும் ஆராய்ச்சி விஷயமல்ல. இன்று நமது மருந்துக் கடைகளில் 'ஆன்டி-ஆக்ஸிடெண்ட்' என்று பெயர் போட்ட மாத்திரைகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஹிருதயத்தைக் காக்கும் என்று நம்பி, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அவற்றை வாங்குகிறவர்கள் பலர். அந்தப் பணம் பலன் தருகிறதா, உண்மையில் ஹிருதயத்தைக் காப்பது எது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்வது நலம்.

ஓயாத உழைப்பாளி

முதலில் ஹிருதயம் செய்யும் வேலையைச் சற்றுப் பார்ப்போம். ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள ஒரு தசைப் பை அது. நிமிஷத்துக்கு எழுபது தடவை துடிப்பதாக வைத்துக் கொண்டால், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகிறது. நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் வீதம் தினம் ஏழாயிரம் லிட்டர் ரத்தத்தை இறைத்துத் தள்ளுகிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அதற்கு இல்லை. நாம் தூங்கும்போதும் அது தூங்குவதில்லை.

இவ்வளவு வேலைக்கும் சக்தி வேண்டுமல்லவா? சரீரத்தில் சக்தியின் நாணயம் 'ஏ.டி.பி.' என்ற ரஸாயனப் பொருள். ஹிருதயம் ஒரே நாளில் சுமார் ஆறு கிலோ ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறது, அதாவது தன் எடையைப் போல் இருபது மடங்கு! ஆனால் கையிருப்போ சில விநாடிகளுக்குத்தான் போதும். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கும் கூலிக்காரன் பிழைப்புப் போலத்தான் அதன் பிழைப்பும். அதனால்தான் அதற்குப் பிராண வாயுவின்மேல் அப்படியொரு தாகம். சரீரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் சும்மா இருக்கையில் ரத்தம் கொண்டு வரும் பிராண வாயுவில் கால் பங்கே செலவாகிறது. ஹிருதயத் தசையோ தன்னிடம் வருவதில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துக் கொண்டுவிடுகிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. தோலில் கீறல் விழுந்தால் புதுத் தோல் வளர்கிறது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தாலும் திரும்ப வளர்கிறது. ஹிருதயத் தசையின் ஜீவ அணுக்களுக்கோ இந்தப் பாக்கியம் மிகக் குறைவு. 1950-களிலும் 1960-களின் ஆரம்பத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்த அணுகுண்டுகளால் 'கார்பன்-14' என்ற பொருள் உலகமெங்கும் காற்றில் கலந்தது. உணவு வழியாக மனிதர் உடம்பிலும் புகுந்தது. எந்த அணுவில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்த அணு எந்த வருஷத்தில் பிறந்தது என்று கணக்கிட்டுவிடலாம். ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில், கரோலின்ஸ்கா ஸ்தாபனத்தைச் சேர்ந்த யோனாஸ் பிரிஸேனும் அவரது சகாக்களும் இந்த முறையால் 2009-ல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒரு ஹிருதய அணுதான் புதிதாகிறது. எழுபத்தைந்து வயதிலோ அரை கூட இல்லை. ஆக, நம் ஹிருதயத்தில் துடித்துக் கொண்டிருக்கும் அணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை நாம் பிறந்த காலம் முதல் கூடவே வந்தவை. நாசத்துக்கு தந்தவை போனால் போனவைதான்.

அடுப்பும் தீப்பொறியும்

ஒவ்வொரு ஹிருதய அணுவுக்குள்ளும் 'மைட்டோகாண்ட்ரியா' என்ற நுண்ணிய சக்திச் சாலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அணுவின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கை அவையே அடைத்துக் கொண்டிருக்கின்றன. நாம் உண்ட கொழுப்பும் சர்க்கரையும் கடைசியில் வந்து சேரும் அடுப்பு அதுதான்.

அங்கே நடப்பது இது. கிணற்றடியில் வரிசையாக நின்று ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் குடத்தை மாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோமல்லவா? அதுபோல உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கை மாறுகின்றன. வரிசையின் கடைசியில் நின்று அவற்றை ஏற்றுக் கொள்வது பிராண வாயு. எலக்ட்ரான்கள் நான்கையும் முறையாக வாங்கிக் கொண்டால் அது நிரபராதியான தண்ணீராகிவிடுகிறது. இந்தக் கை மாற்றத்தில் கிடைக்கும் சக்தியைக் கொண்டுதான் ஏ.டி.பி. தயாராகிறது.

எப்போதாவது வரிசையின் நடுவிலேயே ஓர் எலக்ட்ரான் கை நழுவி, அருகிலிருக்கும் பிராண வாயுவின்மேல் விழுந்துவிடுகிறது. நான்கு வாங்க வேண்டியது ஒன்றை மட்டும் வாங்கிக் கொண்டு அரைகுறையாக நிற்கிறது. இதற்கு 'ஸூபராக்ஸைட்' என்று பெயர். இதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைட் உண்டாகிறது. டாக்டர்கள் புண்ணைக் கழுவுவதற்கு உபயோகித்து வந்த அதே திரவம்தான். இது தன்னந்தனியாகத் திரியும் இரும்புச் சத்தோடு சேர்ந்துவிட்டால் 'ஹைட்ராக்ஸில்' என்ற மகா கோபக்காரன் பிறக்கிறான். கொழுப்பு, புரதம், மரபுச் சரடு எது எதிர்ப்பட்டாலும் அந்த இடத்திலேயே கடித்துக் குதறுவது அவன் சுபாவம். அடுப்பு எரியும் வீட்டில் பொறி பறக்கத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. பொறி கூரையில் பற்றாமல் பார்த்துக் கொள்ள ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆள் இருக்கத்தான் இருக்கிறது. 1954-ல் ரெபெக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினா மாதரசி, பிராண வாயு அதிகமானால் உண்டாகும் விஷத்தன்மையும் எக்ஸ்-ரே கதிர் செய்யும் கெடுதலும் ஒரே வழியில் நடப்பவை என்றும், இரண்டுக்கும் காரணம் இந்த அரைகுறைப் பொருள்களே என்றும் எடுத்துக் காட்டினார். பதினைந்து வருஷம் கழித்து, 1969-ல், அமெரிக்காவிலுள்ள டியூக் சர்வகலாசாலையில் ஜோ மக்கார்ட் என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் இர்வின் பிரிடோவிச்சும் மாட்டு ரத்தத்திலிருந்து ஓர் என்ஸைமைப் பிரித்தெடுத்து, அதன் வேலை ஸூபராக்ஸைடை அடக்குவதே என்று நிரூபித்தார்கள். அதுவே முதற் காவல்காரன். அது மாற்றிக் கொடுக்கும் பெராக்ஸைடைத் தண்ணீராக்குவதற்கு 'கேட்டலேஸ்', 'குளுட்டதயோன் பெராக்ஸிடேஸ்' என்று இன்னும் இரண்டு காவல்காரர்கள் உண்டு. கல்லீரலில் கேட்டலேஸ் தாராளமாக இருக்கிறது. ஹிருதயத்தில் அது மிகக் குறைவு. ஆகவே அங்கே பாரம் முக்கியமாகக் கடைசிக் காவல்காரன் தலையில் விழுகிறது. பொறிகள் அதிகமாகிக் காவல் போதாமல் போகும் நிலைக்கு ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ஸீஸ் 1985-ல் 'ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்' என்று பெயரிட்டார். பிராண வாயுவின் மிகைத் தாக்குதல் என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம்.

காவல்காரன் இல்லாத கிராமங்கள்

காவல் இல்லாவிட்டால் ஹிருதயம் என்ன ஆகும்? இந்தப் பரீக்ஷையைச் சீன தேசத்துக் குடியானவர்களின் விளைநிலமே நடத்திக் காட்டிவிட்டது.

சீனாவின் வடகிழக்கிலுள்ள கேஷான் என்ற வட்டத்தில், 1935-ம் வருஷத்துக் குளிர் காலத்தில், ஒரு விசித்திரமான ஹிருதய நோய் பரவியது. கிராமத்துப் பெண்களும் சிறு குழந்தைகளுமே அதற்கு அதிகமாக இரையானார்கள். ஹிருதயம் வீங்கிப் பெரிதாகும், துடிப்புத் தாறுமாறாகும், மூச்சுத் திணறும். சிலர் திடீரென்று மாண்டு போவார்கள். சவப் பரிசோதனை செய்து பார்த்தால் ஹிருதயத் தசையில் ஆங்காங்கே அணுக்கள் செத்து வெளுத்துத் தழும்பேறியிருக்கும். வட்டத்தின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள்.

இந்த நோய் சீனாவின் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு நீண்ட பட்டை போன்ற பிரதேசத்தில் மட்டுமே காணப்பட்டது. அந்த மண்ணில் 'ஸெலினியம்' என்ற தாதுப் பொருள் மிகமிகக் குறைவு. மண்ணில் இல்லாதது தானியத்தில் வராது. சொந்த நிலத்தில் விளைந்ததை மட்டுமே தின்று வாழும் ஏழைக் குடியானவன் உடம்பிலும் வராது. இதே குறை ஆட்டுக் குட்டிகளுக்கு வந்தால் அவற்றின் தசை வெளுத்துச் செத்துவிடும் என்று கால்நடை வைத்தியர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள்.

1974-ல், ஸெச்சுவான் மாகாணத்து மியான்னிங் வட்டத்தில் ஒரு பெரிய பரீக்ஷை தொடங்கியது. ஒன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளில் 4,510 பேருக்கு வாரத்துக்கு ஒரு முறை ஸெலினிய உப்பு மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் 3,985 குழந்தைகளுக்கு அது இல்லாத வெறும் மாத்திரை. அந்த வருஷத்தில் வெறும் மாத்திரை தின்ற குழந்தைகளில் 54 பேருக்கு நோய் கண்டது. ஸெலினியம் பெற்றவர்களில் 10 பேருக்கே கண்டது. மறு வருஷமும் இதே கதை: ஒரு புறம் 52, மறு புறம் 7. இதற்குமேல் வெறும் மாத்திரை கொடுப்பது அதர்மம் என்று முடிவு செய்து, 1976 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஸெலினியமே கொடுத்துவிட்டார்கள்.

இதற்கும் பிராண வாயுவுக்கும் என்ன சம்பந்தம்? 1973-ல்தான் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஒரு விஷயம் வெளியாகியிருந்தது. குளுட்டதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நமது கடைசிக் காவல்காரனின் நடு மையத்தில் இருப்பது ஸெலினியம். அது இல்லாவிட்டால் காவல்காரன் கையில் தடி இல்லை. கேட்டலேஸும் குறைவாயுள்ள ஹிருதயம் அந்தச் சமயத்தில் அநாதையாகிவிடுகிறது. அப்புறம் ஒரு வியப்பு. இந்த நோய்க்கு ஒரு கிருமியும் உடந்தை என்ற சந்தேகம் வெகு நாளாக இருந்தது. 'காக்ஸாக்கி' என்ற கிருமிகளில் சாதுவான ஒன்றை, ஸெலினியம் இல்லாத உணவு தின்ற எலிகளின் உடம்பில் அமெரிக்காவைச் சேர்ந்த மெலிண்டா பெக் செலுத்திப் பார்த்தார். அந்தச் சாதுக் கிருமி எலிகளின் உடம்பிலேயே தன் மரபை மாற்றிக் கொண்டு, ஹிருதயத்தைத் தாக்கும் துஷ்டக் கிருமியாகிவிட்டது! 1995-ல் இது வெளியாயிற்று. காவலற்ற வீட்டில் சாதுவும் திருடனாவான் போலும்.

அணுவுக்குள் நடக்கும் அனர்த்தம்

காவல் தளர்ந்த ஹிருதய அணுவில் கெடுதல் பல முனைகளில் ஆரம்பிக்கிறது. முதலில், அணுவைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு ஊறிப்போன எண்ணெய் மாதிரி சிக்கேறுகிறது. ஒரு துளி கெட்டால் பக்கத்துத் துளியையும் அது கெடுக்கும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்ஸியம். ஹிருதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் அணுவுக்குள் ஒரு பையிலிருந்து கால்ஸியம் வெளியே பாய்கிறது. விரியும்போது அது திரும்பவும் பைக்குள் இறைத்து ஏற்றப்படுகிறது. பையின் கதவும் இறைக்கும் யந்திரமும் புரதத்தாலானவை. பிராண வாயுவின் தாக்குதலால் கதவு ஒழுக ஆரம்பிக்கிறது, யந்திரம் மந்தமாகிறது. கால்ஸியம் வெளியிலேயே தங்கிவிடுவதால் தசை முழுதாகச் சுருங்குவதுமில்லை, முழுதாக விரிவதுமில்லை. காலந் தவறி ஒழுகும் கால்ஸியம் துடிப்பின் தாளத்தையே தவறச் செய்துவிடும்.

மூன்றாவது, சக்திச் சாலையே இடிந்து விழுவது. கால்ஸியமும் பொறிகளும் அளவு மீறினால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சுவரில் ஒரு வாசல் திறந்துகொள்கிறது. அது சற்று நேரம் திறந்தே கிடந்தால் சாலை வீங்கி வெடிக்கிறது, ஏ.டி.பி. நின்று போகிறது, அணுவும் சாகிறது. செத்த அணுவின் இடத்தில் வந்து உட்காருவது துடிக்கத் தெரியாத தழும்பு.

இந்தத் தாக்குதல் வருவதற்குக் கேஷானுக்குப் போக வேண்டியதில்லை. நெடுநாள் ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, பீடி சிகரெட்டுப் புகை இவை ஒவ்வொன்றும் பொறிகளைப் பெருக்குகின்றன.

மாத்திரையின் கதை

பொறி பறப்பதுதான் நோய் என்றால் அதை அணைக்கும் மாத்திரையைத் தின்றுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றுவது இயற்கையே. வைட்டமின் 'ஈ', வைட்டமின் 'ஸி', காரட் கிழங்கின் மஞ்சள் சத்து முதலியவை சோதனைக் குழாயில் பொறிகளை நன்றாகவே அணைக்கின்றன. உலகம் முழுவதும் ஜனங்கள் அவற்றை நம்பினார்கள். பல டாக்டர்களும் நம்பினார்கள்.

நம்பிக்கையைப் பரீக்ஷித்தவர்களில் முக்கியமானவர் நமது தேசத்தில் பிறந்தவர். கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்து, கனடா தேசத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் பணி செய்த டாக்டர் ஸலீம் யூஸுப்தான் அவர். ஹிருதய நோய் அபாயமுள்ள 9,541 பேரைக் கொண்டு அவர் தலைமையில் நடந்த பரீக்ஷையின் முடிவு 2000-ம் வருஷம் வெளியாயிற்று. அதில் ஒரே சமயத்தில் இரண்டு மருந்துகளைச் சோதித்தார்கள். ஒன்று வைட்டமின் 'ஈ'. மற்றொன்று ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் 'ராமிப்ரில்'.

மாரடைப்பு, பக்கவாதம், ஹிருதய நோயால் மரணம் இவற்றில் ஏதாவதொன்று நேர்ந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். வைட்டமின் 'ஈ' தின்றவர்களில் நூற்றுக்கு 16.2 பேர், வெறும் மாத்திரை தின்றவர்களில் 15.5 பேர். வித்தியாசமென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ராமிப்ரில் கதையோ வேறு. வெறும் மாத்திரைக்கு 17.8, ராமிப்ரிலுக்கு 14.0. நல்ல லாபம்! அதே ஜனங்களை மேலும் சில வருஷங்கள் கவனித்து 2005-ல் வெளியிட்ட கணக்கில், வைட்டமின் 'ஈ' தின்றவர்களுக்கு ஹிருதயம் பலவீனமடைவது சற்று அதிகமாகவே காணப்பட்டது. இதற்கிடையில் 2002-ல் இங்கிலாந்தில் 20,536 பேருக்கு மூன்று சத்துக்களையும் சேர்த்து ஐந்து வருஷம் கொடுத்த பரீக்ஷையும் பலனில்லை என்றே முடிந்தது.

கேஷானில் குழந்தைகளைக் காத்த உபாயம் இங்கே ஏன் பலிக்கவில்லை? காரணம் எளிது. அங்கே குறை இருந்தது, குறையை நிரப்பினார்கள். இங்கே குறை இல்லை. நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஊற்றினார்கள். அதோடு, தீ பற்றுவது மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறையில். வெளியிலிருந்து வரும் மாத்திரைச் சத்து வேண்டிய இடத்துக்கு வேண்டிய வேகத்தில் போய்ச் சேருவதில்லை. காவல்கார என்ஸைம் ஒரு விநாடியில் அணைக்கும் பொறிகளை எண்ணிப் பார்த்தால் வைட்டமின்கள் அதன் அருகில் நிற்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் மிகவும் ருசியானது. சின்னப் பொறிகள் ஹிருதயத்துக்குத் தூதர்கள். "தீ வருகிறது, காவலைப் பலப்படுத்து!" என்று அவை அணுவுக்குச் செய்தி சொல்கின்றன. 1986-ல் டியூக் சர்வகலாசாலையில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் என்பவர்கள் நாய்களின் ஹிருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயை ஐந்து ஐந்து நிமிஷமாக நான்கு தடவை அடைத்துத் திறந்தார்கள். பிறகு நாற்பது நிமிஷம் முழுதாக அடைத்தார்கள். முன்னால் சிறு துன்பம் பழகிய ஹிருதயத்தில் செத்த தசை, பழகாததில் செத்ததில் கால் பங்குதான். அந்தச் செய்தியைக் கொண்டு போகிறவர்களில் இந்தப் பொறிகளும் சேர்த்தி என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. 2009-ல் ஜெர்மனியில் தேகப்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு வைட்டமின் 'ஸி'யும் 'ஈ'யும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்க வேண்டிய நன்மையை அந்த மாத்திரைகள் தடுத்துவிட்டன. தூதனையே கொன்றுவிட்டால் செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

மாரடைப்பும் நிமிஷக் கணக்கும்

பிராண வாயுவின் இரு முகங்களும் ஒருங்கே தெரிவது மாரடைப்பில்தான். ஹிருதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் அடைப்பு விழுந்துவிட்டால் அதற்கப்பால் இருக்கும் அணுக்கள் பிராண வாயு இன்றித் தவிக்கின்றன. அந்தச் சமயத்தில் அவற்றினுள்ளே 'ஸக்ஸினேட்' என்ற பொருள் எரியாத விறகு போலக் குவிந்துவிடுகிறது. டாக்டர்கள் குழாயைத் திறந்ததும் பிராண வாயு மறுபடி பாய்கிறது. குவிந்த விறகு சில நிமிஷங்களில் குபீரென்று பற்றி எரிந்து பொறிகளைக் கக்குகிறது. இந்த விறகின் மர்மத்தைக் கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்பியும் அவரது குழுவினரும் 2014-ல் துலக்கினார்கள். பட்டினி கிடந்தவனுக்குத் திடீரென்று விருந்து போட்டால் ஆகாது என்று நம் பாட்டிமார்கள் சொல்வதுண்டு. அணுவுக்கும் அதே கதிதான்.

அப்படியானால் குழாயைத் திறக்காமலே இருந்துவிடலாமா? கூடவே கூடாது. திறக்காவிட்டால் அத்தனை அணுக்களும் சாவது நிச்சயம். 1977-ல் ரெய்மரும் ஜென்னிங்ஸும் நாய்களில் கணக்கெடுத்தார்கள். நாற்பது நிமிஷத்தில் அடைப்பை நீக்கினால், அபாயத்துக்குட்பட்ட தசையில் நூற்றுக்குச் சுமார் 38 பங்கு செத்திருந்தது. மூன்று மணி நேரத்தில் 57. ஆறு மணி நேரத்தில் 71. சாவு ஹிருதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி அலை போல் வெளிப்புறம் நோக்கி வருகிறது. மனிதருக்கும் நியதி இதுவே. குழாய் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும், திரும்ப முளைக்காத அணுக்களைத் தின்கிறது.

திறந்த பின் வரும் பொறிகளை அடக்க, காவல்கார என்ஸைமையே மருந்தாகச் செய்து நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 1994-ல் அமெரிக்காவில் வெளியான முடிவு: பலனில்லை. பிராண வாயுவையே முகமூடி வழியாகக் கொடுப்பதையும் சோதித்தார்கள். 2017-ல் ஸ்வீடனில் மாரடைப்புச் சந்தேகத்தோடு வந்த 6,629 பேரில், ரத்தத்தில் அந்த வாயு போதிய அளவு உள்ளவர்களுக்கு மேற்கொண்டு கொடுத்ததால் ஒரு வருஷத்தில் இறந்தவர்கள் தொகை சிறிதும் குறையவில்லை. ஆகையால் இப்போது வாயு குறைந்தவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நம் மனிதருக்கு முகமூடி போடவில்லையே என்று டாக்டரிடம் கோபித்துக் கொள்ள வேண்டாம்.

குடும்பங்கள் செய்யத்தக்கது

இவ்வளவு கதையிலிருந்தும் நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. அடுப்பை அணைக்க முடியாது; அணைத்தால் சமையல் நின்றுவிடும். வெளியிலிருந்து தண்ணீரை வாரி இறைப்பதாலும் பயனில்லை. பொறி அதிகம் பறக்காமல் அடுப்பைப் பேணுவதும், வீட்டுக் காவலைப் பலமாக வைத்திருப்பதும், பற்றிக் கொண்டால் ஒரு கணமும் தாமதியாமல் ஓடுவதுமே காரியம்.

பொறியைக் குறைக்கும் வழிகள் எல்லாம் பழைய வழிகளே. புகையை அடியோடு விடுவது. ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அளந்து பார்த்து, டாக்டர் கொடுத்த மருந்தை நடுவில் நிறுத்தாமல் சாப்பிடுவது. தினம் சற்று வியர்க்க நடப்பது. நடக்கும்போது எழும் சிறு பொறிகளே காவலைக் கூர்மைப்படுத்துகின்றன. கீரையும் காயும் பழமும் பருப்பும் மாறி மாறி வரும் சாப்பாட்டில் காவல்காரர்களுக்கு வேண்டிய தாதுக்கள் சாதாரணமாகக் குறைவில்லாமல் கிடைத்துவிடும். உண்மையில் குறை இருக்கிறதென்று டாக்டர் பரிசோதித்துச் சொன்னால் மாத்திரை அவசியம்; சொல்லாவிட்டால் அந்தப் பணத்தில் பழம் வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. நமது வீடுகளில் மார்பில் வலி என்று ஒருவர் சொன்னால், "வாயுப் பிடிப்பு!" என்று தீர்ப்புக் கூறிப் பெருங்காயமும் சோடாவும் கொடுத்துப் படுக்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. மார்பின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டுவது, மூச்சு முட்டுவது இவை சில நிமிஷங்களில் தணியாவிட்டால், பெருங்காய டப்பாவைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். பெண்களுக்கும், நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி தெளிவாகத் தெரியாமல் வெறும் களைப்பும் மூச்சுத் திணறலுமாகவே வருவதுண்டு. இரவு நேரமாயிற்றே, எல்லோரையும் எழுப்புவானேன், விடியட்டும் பார்க்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சங்கோசப்படுவார்கள். சிறியவர்கள் அதற்கு இடம் கொடுக்கலாகாது. விடியும்வரை காத்திருப்பது நாமே தவிர, ஹிருதயத்தின் அணுக்கள் அல்ல.